இடக்கைக்கு ஓர் உறை

நான் இடக்கைக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் பார்க்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் நொட்டாங்கை என்றார்கள். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தேன், இங்கே இடங்கை என்றார்கள். பெயர்தான் மாறியது. விசேஷ வீட்டுப் பந்தியில் பரிமாற என்னைக் கூப்பிட மாட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம். மற்றபடி என் கையில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. தேங்காய் துருவும், துணி தைக்கும், கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்தும்.

வேலை பஜார் ரோட்டில். ஒரு காலத்தில் மிளகு மூட்டை அடுக்கிய குடோன் அது. இப்போது உள்ளே சிமெண்ட் தளம் போட்டு, மாடியில் இரும்பு ரேக்குகளை வரிசையாக நிறுத்தி, மசாலா, பருப்பு, சோப்பு, எண்ணெய் என்று நிரப்பி வைத்திருக்கிறார்கள். எர்ணாகுளத்தில் யாரோ ஃபோனைத் தட்டினால் இங்கே நாங்கள் தள்ளுவண்டியோடு ஓட வேண்டும். எந்த ரேக், அந்த ரேக்கில் எந்த அறை, எத்தனை பாக்கெட் என்று சின்னத் திரை ஒன்று சொல்லும். சாமானின் பார்கோடை ஸ்கேனருக்குக் காட்டி, பச்சை விளக்கு எரிந்தால் பெட்டியில் போடலாம். தப்பான சாமான் என்றால் சிவப்பு எரியும். பிக்கிங் என்று பெயர். பன்னிரண்டு பேர், எல்லோரும் பெண்கள். எனக்கு அங்கே இது நாலாவது வருஷம்.

ஆரம்பத்தில் துப்பாக்கி மாதிரி ஒரு ஸ்கேனர் தந்திருந்தார்கள். அது எனக்கென்றே செய்தது. வலது கையில் துப்பாக்கி, இடது கையால் எடுப்பு. மற்றவர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்து, சாமானை எடுத்து, மறுபடி துப்பாக்கியை எடுத்து என்று அல்லாடுவார்கள். நான் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பேன். வேகத்தில் நான்தான் முதல். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், உண்மை அதுதான்.

அந்த வேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. மசாலாப் பொடி பாக்கெட்டுகள் தொட்டால் நெளியும். பார்கோடு சுருக்கத்துக்குள் மடிந்து போய்விடும். மழைக்காலத்தில் ஈரம் வேறு. ஸ்கேனரை இப்படிப் பிடித்து, அப்படிப் பிடித்து, பாக்கெட்டைத் தொடையில் வைத்துத் தேய்த்து, அதற்குள் திரையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் எரிச்சல் தாங்காமல், கிழிந்துபோன பாக்கெட் ஒன்றிலிருந்து சுருக்கமில்லாத பார்கோடை வெட்டி எடுத்து, ரேக்கில் அந்த அறையின் வலது பக்க இரும்புத் தூணில், உள்பக்கமாக டேப் போட்டு ஒட்டினேன். துப்பாக்கி வலது கையில்தானே? இடது கை பாக்கெட்டை எடுக்கும்போதே வலது கை தூணைச் சுடும். பச்சை! கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒரு இத்தா, இங்கே முஸ்லிம் அக்காக்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பாலக்காட்டிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் குடும்பம், பிறந்ததெல்லாம் மட்டாஞ்சேரிதான். வாய்க்குப் பூட்டு கிடையாது. நான் தூணைச் சுடுவதை அவர் முதலில் பார்த்துவிட்டார்.

“எடீ கள்ளி, இது எப்பத்தில இருந்து?” என்றார்.

“இன்னைக்குத்தான் இத்தா. சார்கிட்ட சொல்லிராதீங்க.”

“நான் எதுக்குச் சொல்லணும்? எனக்கும் ஒண்ணு ஒட்டித் தா.”

ஒரு மாதத்தில் எல்லா மசாலா ரேக்கிலும் ஒட்டியாகிவிட்டது. நாங்கள் அதற்கு ‘நல்ல சீட்டு’ என்று பெயர் வைத்தோம். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், சாமானைக் காட்டாமல் ஸ்கேன் செய்யக் கூடாது, செய்தால் நடவடிக்கை என்று மலையாளத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பஸ் போர்டு பார்த்தே மலையாளம் எழுத்துக்கூட்டப் படித்தவள் நான், அதையும் ஒரு நாள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனேன்.

போன ஓணம் கழிந்த சமயம், ஒரு திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். திருப்பூணித்துறைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். மெட்ரோ பிடித்து, படகு பிடித்து வருகிறவர். வீட்டில் தமிழ் பேசுவார்களாம், ஆனால் அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்னிடம் பேசும்போது பாதி தமிழ், பாதி மலையாளம். நல்ல மனுஷர்தான், மேலிடத்தைக் கண்டால் மட்டும் தொடை நடுங்கும்.

பெட்டியில் கையுறைகள் இருந்தன. விரல் நுனி இல்லாத உறை. புறங்கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஸ்கேனர் உட்கார்ந்திருக்கும். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஒரு பொத்தான். கட்டைவிரலால் அதை அமுக்கினால் விரல்கள் நீளும் திசையில் ஒளிக்கோடு பாயும். திரையை மற்ற கையில் வாட்ச் மாதிரி கட்டிக்கொள்ள வேண்டும். துப்பாக்கியைத் தூக்குவது, வைப்பது எதுவும் கிடையாது. கையை நீட்டும்போதே அமுக்கி, பச்சை வந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

“இனி ரண்டு கையும் ஃப்ரீயாணு சேச்சிமாரே” என்று சொல்லி ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

நான் வாங்கிப் பார்த்தேன். புரட்டிப் பார்த்தேன். “இதுல இடது கைக்கு எங்க சார்?”

அவர் பெட்டிக்குள் மறுபடி எட்டிப் பார்த்தார். எல்லாம் வலது கைக்கானது. “சேச்சி, லெஃப்ட் ஹேண்ட் வந்திட்டில்லா. ஒரு ஆளுக்கு வேண்டி தனியா ஓர்டர் போட முடியுமோ? குறச்சு நாள் போனா சரியாகும்.”

சரியாகவில்லை. என் வலது கை நல்ல பிள்ளை, சோறு உண்ணும், சாமி கும்பிடும். அவசரமென்றால் மட்டும் மரத்துப்போய் நிற்கும். எட்டி எடுத்த பாக்கெட் நழுவும், பொத்தானை அமுக்க மறக்கும், அமுக்கினால் எடுக்க மறக்கும். முதல் வாரத்திலேயே முதல் ஆள் கடைசி ஆளாகிவிட்டேன். நேற்று வந்த பெண்ணெல்லாம் என்னை முந்திக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போகிறாள். வயிறு எரிந்தது, வேறென்ன.

இரண்டாவது வாரம் சூப்பர்வைசர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “சேச்சி, மேலிருந்து கேக்கறாங்க. கீழே பேக்கிங் மேசைக்கு மாறிக்கோ. அங்க ஸ்கேனர் வேண்டா, டேப் ஒட்டினா போதும்.”

பேக்கிங் மேசை என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். அங்கே இருப்பவர்கள் எல்லாம் தினக்கூலி. ஆர்டர் குறைந்த மாதத்தில் முதலில் வீட்டுக்கு அனுப்புவது அவர்களைத்தான். எனக்கு முன்னால் மேசைக்குப் போன இரண்டு பேரும் இப்போது வேலையில் இல்லை. ஒருத்தி கால் ஒடிந்து போனாள், இன்னொருத்தி கண் மங்கிப் போனாள். நான் எதற்குப் போக வேண்டும்? என் கைக்கு என்ன கேடு?

“எனக்கு இடது கைக்கு ஒரு க்ளவுஸ் மட்டும் குடுங்க சார். வேற ஒண்ணும் கேக்கல” என்றேன்.

“இல்லாத்த சாதனம் நான் எவிடந்நு எடுக்கும் சேச்சி?”

“இல்லைன்னா நான் உண்டாக்குதேன்.”

கோபத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகு வேறு வழியில்லை. ஓரம் கிழிந்து கழித்துவிட்ட கையுறை ஒன்று கிடந்தது, அதைக் கேட்டேன். குப்பைக்குப் போக வேண்டியதுதானே என்று கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலைக்கூட ஒதுக்கிவிட்டு அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வலது கை உறையை உள்பக்கம் வெளியே திருப்பினால் அது இடது கை உறை. ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்த எவளுக்கும் இது தெரியும், கம்பெனிக்காரனுக்குத் தெரியவில்லை. ஆனால் திருப்பினால் ஸ்கேனர் உட்காருகிற தட்டும் பொத்தானும் உள்ளே போய்விடும். ஆகவே முதலில் அந்த இரண்டையும் தையல் பிரித்தேன். தட்டிலிருந்து பொத்தானுக்கு மெல்லிய ஒயர் ஒன்று ஓடியது, அதுதான் பயம்.

என் வீட்டுக்காரருக்குத் தோப்பும்படியில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒயரு அறுந்தா என்னைக் குத்தம் சொல்லாத” என்றார்.

“அறுந்தா ஒட்டித் தாறதுக்குத்தான் உங்களைக் கட்டிக்கிட்டு வந்துருக்கேன்.”

அறுந்தது. அவர் எழுந்து போய் ஈயம் பற்றவைக்கிற கம்பியை எடுத்து வந்து, கொஞ்சம் நீளமாகவே ஒட்டிக் கொடுத்தார். உறையைத் திருப்பி, தட்டைப் புறங்கையில் வைத்து, பொத்தானை இடது ஆள்காட்டி விரல் ஓரத்தில் வைத்து, செருப்புத் தைக்கும் நூலால் இறுக்கித் தைத்தேன். மூன்று தடவை பிரித்து மூன்று தடவை தைத்தேன். விரலில் ஊசி ஏறாத இடமில்லை. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை சூப்பர்வைசர் முன்னால் ஸ்கேனரை அதில் மாட்டி, அமுக்கிக் காட்டினேன். ஒளிக்கோடு பாய்ந்தது. அவர் வாயைப் பிளந்துவிட்டார். இத்தா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எடீ, நீ யாரு, எஞ்சினீயரோ?” என்றார். சூப்பர்வைசர் யாரிடமோ ஃபோனில் பேசிவிட்டு வந்து, இரண்டு வாரம் இதைப் போட்டுச் செய்யலாம், அப்புறம் ஏலூர் பக்கமுள்ள பெரிய குடோனிலிருந்து மானேஜர் வந்து பார்த்து முடிவு சொல்வார் என்றார்.

இரண்டு வாரம் போதும் எனக்கு. அந்த இரண்டு வாரமும் நல்ல சீட்டைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே ஆணையிட்டுக்கொண்டேன். இந்தக் கையால் வேலை நடக்கும் என்று நிரூபிக்கும்போது அதில் ஒரு களங்கமும் இருக்கக் கூடாது. பாக்கெட்டைத்தான் சுடுவேன், சுருங்கிக் கிடந்தால் நீவிச் சுடுவேன். நாலாவது நாளே என் பழைய வேகம் வந்துவிட்டது. ஆறாவது நாள் இத்தாவைத் தாண்டினேன். வண்டி தள்ளும்போது என்னை அறியாமல் பாட்டு வந்தது.

அப்புறம் வந்தது முதல் புகார். மல்லிப் பொடி கேட்ட வீட்டுக்குச் சீரகப் பொடி போயிருக்கிறது. எடுத்தது நான். மறுநாள் இன்னொன்று, மஞ்சளுக்குப் பதில் பெருங்காயம். அடுத்த வாரம் மேலும் இரண்டு. நாலும் என் பெயரில். வலது கைக்காரிகள் பதினொரு பேர் பெயரில் ஒன்றுகூட இல்லை.

“மெஷின் பச்சை காட்டுச்சு சார். சத்தியமா காட்டுச்சு. தப்பான பாக்கெட்டுன்னா சிவப்பு எரியணும்லா?”

“அதான் சேச்சி பிரஸ்னம். மத்த யாருக்கும் இப்படி வரல. நிங்ஙள்க்கு மட்டும் வருது. கையோட பிரஸ்னமாகும்.”

இத்தாவிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சோப்புப் பெட்டியை அடுக்கிக்கொண்டே, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். க்ளவுஸ் தைச்சது நீ, அதுல ஏதோ கோணல் இருக்கும், போ” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. ஆனால் உள்ளுக்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை தையல்தான் கோளாறோ? ஒருவேளை இவ்வளவு காலம் இவர்கள் சொன்னதெல்லாம் சரிதானோ? என் கையை நானே சந்தேகப்பட்ட அந்த ஒரு நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு முந்தைய கடைசி ஆர்டர். திரை சீரகப் பொடி கேட்டது. வழக்கம்போல நடந்துகொண்டே கையை நீட்டி அமுக்கினேன். பச்சை எரிந்தது. கை உள்ளே போனது. அறையில் ஒன்றுமே இல்லை. சீரகப் பொடி தீர்ந்துபோயிருந்தது.

அப்படியே நின்றுவிட்டேன். வெற்று அறைக்கு எப்படிப் பச்சை எரியும்? கையை வெளியே எடுத்து, மெதுவாக மறுபடி நீட்டி, மறுபடி அமுக்கினேன். ஒளிக்கோடு எங்கே விழுகிறது என்று குனிந்து பார்த்தேன். வலது பக்கத் தூணில், உள்பக்கம், மஞ்சளேறிய டேப்புக்குக் கீழே என் நல்ல சீட்டு. அதன் மேல் விழுந்தது.

ஒரு நிமிஷத்தில் எல்லாம் விளங்கியது. வலது கையை நீட்டினால் அது கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துதான் போகும். இடது கை வலப்பக்கம் சாய்ந்து போகும். நீங்களே நீட்டிப் பாருங்கள். மற்றவர்களின் ஒளிக்கோடு அந்தச் சீட்டுப் பக்கமே போகாது, அவர்களாக வேண்டுமென்று திருப்பிக் காட்டினால்தான் உண்டு. என்னுடையது மட்டும் பாக்கெட்டைத் தொடுவதற்கு முன் சீட்டைத் தொட்டுவிடும். திரையில் கேட்ட சாமானின் சீட்டு அது, ஆகவே பச்சை. அதற்கப்புறம் என் கை பக்கத்து அறைக்குள் போய் எதை எடுத்தாலும் கேட்க நாதியில்லை. எல்லோருக்கும் கை தவறும். மற்றவர்களுக்குத் தவறும்போது சிவப்பு எரிகிறது, நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றி எடுக்கிறார்கள். எனக்கு எரியவில்லை. எரியவிடாமல் செய்தவள் நானேதான். தன் வினை தன்னைச் சுடும் என்பார்களே, சுட்டது.

சாப்பாட்டு நேரத்தில் கீழே போகவில்லை. நகத்தால் கீறி ஒவ்வொரு சீட்டாக உரித்தேன். இத்தா தேடிக்கொண்டு மேலே வந்தவர் பதறிப்போனார்.

“எடீ, பிராந்து பிடிச்சுதா உனக்கு? எதுக்கு உரிக்கிற?”

விஷயத்தைச் சொன்னேன். கையை நீட்டிக் காட்டவும் செய்தேன். அவரும் தன் வலது கையை ஒரு தடவை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

“சரி, உரிச்சாச்சில்ல, விடு. இனிமே தப்பு வராது. நல்ல காலம்” என்றார்.

“நாலு தப்பு என் பேர்ல இருக்கே இத்தா. திங்கட்கிழமை மானேஜர் வாறாரு. கையினாலன்னு சொல்லி மேசைக்குத் தள்ளிருவாங்க. நான் உள்ளதைச் சொல்லப்போறேன்.”

“சொல்லி? சீட்டு ஒட்டினதுக்கு நேரா வெளியே தள்ளுவான். மேசைக்காவது போயேண்டி! அது மாத்திரமா? எங்க பதினோரு பேரையும் சேத்துக் காட்டிக் குடுப்பியா?”

“உங்க பேரு என் வாயில வராது.”

“உன் வாயை எனக்குத் தெரியாதா!” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

வீட்டிலும் அதே பாட்டுதான். “பிச்சுப் போட்டாச்சில்ல? வாயை மூடிக்கிட்டு இரு. மேசைன்னா மேசை. வேலைன்னு ஒண்ணு இருக்கும்” என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஞாயிறு முழுக்க யோசித்தேன். சும்மா இருந்தால் மேசை. சொன்னால் ஒருவேளை அதுவும் இல்லை. கணக்குப் பார்த்தால் சும்மா இருப்பதுதான் புத்தி. ஆனால் சும்மா இருந்தால் இடக்கைக்காரிக்குக் கொடுத்துப் பார்த்தோம், சரிப்படவில்லை என்று அந்தக் குடோனில் என்றைக்கும் ஒரு பேச்சு நிற்கும். நாளைக்கு இன்னொருத்தி வந்தால் அவளுக்கும் அதே பதில். அதை என்னால் விழுங்க முடியவில்லை. முடியாது என்றால் முடியாது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மானேஜர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியெல்லாம் வேர்வை, தோப்பும்படிப் பாலத்தில் வண்டி நெரிசல் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சூப்பர்வைசர் கையில் என் பெயர் எழுதிய ஒரு தாள். அதை அவரிடம் நீட்டுவதற்கு முன் நான் குறுக்கே போய் நின்றேன்.

“சார், ஒரு நிமிஷம் ரேக்குக்கு வாங்க. காட்டிட்டுப் போயிடுதேன்.”

வேண்டுமென்றே ஒரே ஒரு சீட்டை உரிக்காமல் விட்டிருந்தேன், சீரகப் பொடி அறையில். சரக்கு இன்னும் வரவில்லை, அறை காலி. சூப்பர்வைசரிடம் சீரகப் பொடிக்கு ஒரு சோதனை ஆர்டர் போடச் சொன்னேன். போட்டார். உறையை மாட்டிக்கொண்டு, வெற்று அறைக்குள் கையை நீட்டி அமுக்கினேன். பச்சை.

கையை அவர் முகத்துக்கு நேரே விரித்தேன். “என் கையில என்ன இருக்கு சார்?”

“ஒந்நுமில்லா.”

“மெஷின் என்ன சொல்லுது?”

அவர் திரையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். குனிந்து தூணைப் பார்த்து, சீட்டைக் கண்டுபிடித்து, விரலால் தடவினார். பின்னால் வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன.

“ஆரு ஒட்டிச்சது?” என்றார்.

“நான்தான்.”

“எதுக்கு?”

ஒரு மிளகாய்ப் பொடி பாக்கெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, பழைய துப்பாக்கி ஒன்றையும் கொடுத்தேன். “நீங்களே ஸ்கேன் பண்ணிப் பாருங்க சார்.” அவர் நேராகப் பிடித்தார், சாய்த்துப் பிடித்தார், இழுத்துப் பிடித்தார். ஏழெட்டு தடவை ஆயிற்று, படிக்கவில்லை. இத்தா எங்கோ பின்னாலிருந்து ஒரு செருமல் செருமினார், அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும். மானேஜர் பாக்கெட்டை வைத்துவிட்டார்.

“வேற ஆரெல்லாம் இங்ஙனே செய்யுந்நு?”

“நான் என் கையைப் பத்திப் பேச வந்தேன் சார். வேற கையைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.”

அவர் கோபக்காரர் இல்லை, ஆனால் விதி விதிதான் என்றார். பதினைந்து நாள் வேலைக்கு வர வேண்டாம், சம்பளம் கிடையாது. வெளியே அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை, மேசைக்கு மாற்றவும் இல்லை. பொடி பாக்கெட்டின் மேல் ஓரத்தில் அட்டை வைத்து அதில் பார்கோடு ஒட்டச் சொல்லி ஆள் அனுப்புவதாகவும் சூப்பர்வைசரிடம் சொன்னார். கடைசியில் அந்தத் தாளை என் முன்னால் வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

மலையாளத்தில் இருந்தது. எல்லோரும் நின்றுகொண்டிருக்க, விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். மானேஜருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. காரணம் என்ற இடத்தில், சூப்பர்வைசர் காலையிலேயே எழுதி வைத்ததுதான் அப்படியே இருந்தது: இடது கையால் வேலை செய்வதால் வரும் பிழைகள்.

பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டேன்.

“இதுல போடமாட்டேன் சார்.”

“சேச்சி, அது ஒரு ஃபோர்மாலிட்டி அல்லே…” என்றார் சூப்பர்வைசர், மானேஜரைப் பார்த்துக்கொண்டே.

“சீட்டு ஒட்டுனேன், அதுக்குப் பதினஞ்சு நாளு. சரி, போறேன். இன்னும் பதினஞ்சு சொன்னாலும் போறேன். செஞ்ச தப்புக்குத்தான் போவேன், பொறந்த கைக்குப் போகமாட்டேன். அதை அடிச்சிட்டு உள்ளதை எழுதுங்க.”

பேனாவைச் சூப்பர்வைசர் பக்கம் தள்ளினேன். மானேஜர் சூப்பர்வைசரைப் பார்த்துத் தலையை அசைத்தார். சூப்பர்வைசர் அந்த வரியை அடித்தார், ஒரு கோடு போதாதென்று இரண்டு கோடு போட்டார். விதியை மீறித் தூணில் பார்கோடு ஒட்டியது என்று எழுதினார். முழுக்க வாசித்துவிட்டு வலது கையால் கையெழுத்துப் போட்டேன். அவர் வியப்பாகப் பார்த்தார். எழுத மட்டும் பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்து மாற்றியிருந்தார்கள். அந்தக் கதையை அவருக்குச் சொல்ல எனக்கு அப்போது பொறுமையில்லை.

பதினைந்து நாளும் வீட்டில் இருந்தேன். கழுவாத பாத்திரமில்லை, போடாத சண்டையில்லை. வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வேண்டுமென்றே தாமதமாக வர ஆரம்பித்தார். நடுவில் ஒரு நாள் இத்தா கப்பைக் கிழங்கும் மீன்கறியும் எடுத்துக்கொண்டு வந்தார். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது, “சீக்கிரம் வாடி, நீ இல்லாம அங்க ஒரு ரசமும் இல்ல” என்றார்.

பதினாறாம் நாள் காலை ஏழரைக்கே போய்விட்டேன். புது இடது கை உறை ஒன்றும் வரவில்லை. ஆர்டர் போட்டிருக்கிறது, வரும் என்றார் சூப்பர்வைசர். நான் தைத்த உறைதான் ஆணியில் தொங்கியது. மாட்டிக்கொண்டு, திரையைக் கட்டிக்கொண்டு, வண்டியை எடுத்தேன். முதல் ஆர்டர் மசாலா ரேக்குக்கு. திரை மல்லிப் பொடி கேட்டது. வேகமாகப் போய்க் கையை நீட்டி அமுக்கினேன்.

சிவப்பு எரிந்தது.

கையில் இருந்தது சீரகம். எனக்கு வந்த சந்தோஷத்தில் அதை அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வரிசையில் இத்தாவுக்கும் சிவப்பு எரிந்தது போலிருக்கிறது, மலையாளத்தில் எதையோ திட்டிக்கொண்டிருந்தார். நான் சீரகத்தை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு மல்லியை எடுத்தேன்.